பச்சை காட்டிய பெட்டி

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. தாராவியில் என்னோடு வளர்ந்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். பல்லி விழுந்தால் பயம், லிஃப்டில் தனியாகப் போகப் பயம், போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். "இவளை வேலைக்கு வச்சவனுக்குக் கோயில் கட்டணும்" என்று என் தம்பி கேலி செய்வான். நான் சொல்ல வந்தது அந்தச் சில்லறைப் பயங்களைப் பற்றி அல்ல. ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு வந்த பயத்தைப் பற்றியும், அதனால் நான் செய்யாமல் விட்ட ஒரு காரியத்தைப் பற்றியும்தான்.

செம்பூர் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷ நடையில், ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். இரண்டு அறை, நான்கு பேர். ரத்த வங்கிகளுக்கான மென்பொருள் செய்து விற்கிறோம். யார் ரத்தம் கொடுத்தார்கள், எந்தப் பை எந்த ஃபிரிட்ஜில் இருக்கிறது, என்னென்ன சோதனை ஆயிற்று என்பதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். கடைசியில் ஒரு சோதனை உண்டு, கிராஸ்மேட்ச் என்பார்கள். நோயாளியின் ரத்தத்தில் கொஞ்சம், பையில் இருக்கிற ரத்தத்தில் கொஞ்சம் எடுத்துக் கலந்து, இரண்டும் சண்டை போடுகின்றனவா என்று பார்ப்பது. முக்கால் மணி நேரம் ஆகும். அதன் முடிவைத் திரையில் ஒரு பட்டை காட்டும். மஞ்சள் என்றால் சோதனை இன்னும் முடியவில்லை. சிவப்பு என்றால் ஒத்துவரவில்லை. பச்சை என்றால் பையை வார்டுக்கு அனுப்பலாம்.

முதலாளியை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். இந்த மென்பொருளின் அடிப்பகுதியை இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவர் தனியாளாக உட்கார்ந்து எழுதினார். யாரையும் திட்டமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "ஓஹோ" என்பார், அவ்வளவுதான். அந்த ஓஹோவுக்கு நான் பதினாறு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

இத்தனை காலமும் எங்கள் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடியது. ரத்த வங்கிகளில் இருந்த பழைய கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக மண்டையைப் போட ஆரம்பித்தன. அவற்றுக்குப் பதிலாக டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி வாங்கலாம் என்று சார் முடிவு செய்தார். லினக்ஸில் ஓடுவது, உள்ளே போன்களில் இருக்கிற ரகத்துச் சிப். மென்பொருளை விண்டோஸிலிருந்து பிடுங்கி இந்தப் பெட்டியில் நட வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

நாம் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவதுதான் கம்பைலர். ஒவ்வொரு சிஸ்டத்துக்கும், ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு கம்பைலர், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். அடியோடு தப்பாக எழுதியிருந்தால் வேலை செய்யவே மறுத்துவிடும். அதில் ஆபத்து இல்லை. சந்தேகம் மட்டும் இருந்தால் ஒரு வரி எச்சரிக்கையைப் போட்டுவிட்டு, நாம் சொன்னதை அப்படியே செய்துவிடும். "நான் சொல்லிட்டேன், அப்புறம் உன் இஷ்டம்" என்று முணுமுணுக்கிற மாமியார் மாதிரி.

எங்கள் மென்பொருளை முதல் தடவை புதிய கம்பைலரிடம் கொடுத்தபோது எச்சரிக்கைகள் திரையில் ஓடின, ஓடின, நிற்கவே இல்லை. மூன்று மாதம் ஒவ்வொன்றாகத் தீர்த்தேன். ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். ஒரே பெயருள்ள எண் இங்கே நான்கு பைட் என்றால் அங்கே எட்டு. கண் எரிந்தாலும் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. எதையும் நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் கொடுத்தால் பயந்தவளுக்குக் கசக்குமா?

ஒரே ஒரு ஃபைலை மட்டும் விட்டுவிட்டேன். அது சார் எழுதியது. பைக்கு நிறம் சொல்லுகிற ஃபைல் அதுதான். சார் தன் குறிப்புகளை ஆங்கில எழுத்தில், ஆனால் தமிழில் எழுதுவார். "எவனாவது திருடிண்டு போனாலும் இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் புரியாது" என்பார். அந்த ஃபைலின் தலையில் இப்படி இருந்தது: "ஆறு மாசம் உயிரைக் கொடுத்து எழுதினது. யாரும் கை வைக்காதீங்கோ."

அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் இருநூற்றுச் சொச்சம் எச்சரிக்கை. ஒவ்வொன்றையும் அவரிடம் கொண்டுபோய், "சார், நீங்க எழுதினது இந்த இடத்துல சரியில்லையாம்" என்று சொல்ல வேண்டும். என்னால் ஆகிற காரியமா அது? எங்கள் வீட்டில் பெரியவர்கள் சமைத்துப் போட்டதில் உப்பு இல்லை என்று யாரும் சொல்லமாட்டோம், பேசாமல் ஊறுகாயைத் தொட்டுக்கொள்வோம். நானும் அப்படித்தான் செய்தேன். இந்த ஃபைலுக்கு மட்டும் எச்சரிக்கை எதையும் காட்டாதே என்று கம்பைலருக்கு ஒரு வரிக் கட்டளை. திரை துடைத்துவிட்டது போல் ஆயிற்று. சாரிடம் போய், "எல்லாம் முடிஞ்சது சார், ஒரு வார்னிங்கூட இல்ல" என்றேன். "பேஷ்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

சோதித்துப் பார்க்காமல் ஒன்றும் விடவில்லை. ரத்த வங்கிகளின் பழைய பதிவுகளை மூட்டை மூட்டையாக எடுத்து ஓட்டினோம். பழைய கம்ப்யூட்டரும் புதிய பெட்டியும் ஒரே விடையைச் சொல்லின. பழைய பதிவு என்றாலே வேலை முடிந்த பதிவு என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. சோதனை பாதியில் நிற்கிற பை ஒன்றுகூட அதில் கிடையாது.

முதல் பெட்டியைத் தாணேயில் ஒரு ரத்த வங்கியில் திங்கட்கிழமை வைத்தோம். சார் அதற்குக் குங்குமப் பொட்டு வைத்தார். அங்கே டெக்னீஷியனாக இருந்தவர் தென்காசிப் பக்கத்துக்காரர், எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். என் பேச்சைக் கேட்டதும், "யக்கா நம்மூரா?" என்று முகம் மலர்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். "இத நம்பலாமாக்கா?" என்று கேட்டார். "பச்சை வந்தா கண்ண மூடிட்டுக் குடுக்கலாம் பாய்" என்றேன். எனக்கே என் தைரியம் ஆச்சரியமாக இருந்தது.

வியாழக்கிழமை. சார் பேங்குக்குப் போயிருந்தார், மற்ற இரண்டு பேரும் சான்பாடாவில் ஒரு வாடிக்கையாளரிடம். அடுத்த பெட்டிக்காக ஒரு புதுக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் அமைத்துக் கம்பைலரை ஓட்டினேன். வாயை மூடச் சொல்லும் அந்த ஒரு வரியை இதில் போட மறந்திருந்தேன். சாரின் ஃபைல் வந்ததும் இருநூறு எச்சரிக்கையும் கொட்டின. சலிப்போடு நிறுத்தப் போனேன். நடுவில் ஒரு வரி கண்ணில் பட்டது. இந்த ஒப்பீடு ஒருபோதும் உண்மையாகாது என்று சொன்னது.

போய்ப் பார்த்தேன். ஒரு எழுத்து மட்டும் கொள்ளுகிற சின்ன இடம் ஒன்றில் சார் கிராஸ்மேட்ச் முடிவை வைத்திருந்தார். பூஜ்யம் என்றால் ஒத்துவரவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே, அதாவது மைனஸ் ஒன்று என்றால் இன்னும் சோதிக்கவில்லை. மற்றபடி எது இருந்தாலும் ஒத்துப்போகிறது. பழைய சிப்பில் அந்தச் சின்ன இடம் மைனஸை ஏற்றுக்கொள்ளும். புதிய சிப்புக்கான கம்பைலரிடம் அந்த இடத்துக்கு மைனஸே கிடையாது. மைனஸ் ஒன்றைப் போட்டால் இருநூற்று ஐம்பத்தைந்து ஆக்கிவிடும். இருநூற்று ஐம்பத்தைந்து பூஜ்யத்துக்குக் கீழே இல்லை, பூஜ்யமும் இல்லை. அப்படியென்றால் ஒத்துப்போகிறது.

ஆபீஸில் இருந்த பெட்டியில் ஒரு பொய்ப் பையைப் பதிவு செய்தேன். எந்தச் சோதனையும் போடாமல் கடைசித் திரைக்குப் போனேன். பட்டை பச்சையாக இருந்தது.

  மூன்று நாளாகத் தாணேயில் சோதிக்காத பை ஒவ்வொன்றும் பச்சையாக நின்றுகொண்டிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கச் சொன்னவள் நான். சுவரில் கடிகாரம் பதினொன்றே கால் காட்டியது.

இப்போது எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், உடனே பாய்க்குப் போன் செய்திருக்க வேண்டும் என்று. நான் செய்யவில்லை. அந்த இடத்துக்கு மைனஸ் உண்டு என்று வெளிப்படையாகச் சொல்ல ஒரு சொல்லைச் சேர்த்தேன். கம்பைலரை ஓட்டினேன். பெட்டியில் போட்டுப் பார்த்தேன், மஞ்சள் வந்தது. பென் டிரைவில் ஏற்றினேன். தப்பைத் திருத்துவது எனக்குத் தெரிந்த வேலை, ஒரு மனிதரைக் கூப்பிட்டு "நான் தப்பு செய்துவிட்டேன்" என்பது தெரியாத வேலை. பிறகு போனைக் கையில் எடுத்து, பாயின் நம்பரைத் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்வது என்று வார்த்தை தேடினேன். சாரிடம் சொல்லாமல் பாயிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். இன்னொன்றும் யோசித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்: மத்தியானம் சும்மா போகிற மாதிரி தாணே போய், யாருக்கும் தெரியாமல் மாற்றிவிட்டு வந்துவிட்டால் என்ன?

சார் பதினொன்றே முக்காலுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? உடம்பு சரியில்லையா?"

எழுந்து நின்று, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். எச்சரிக்கையை நான்தான் அடைத்தேன் என்பதையும் சொன்னேன். ஓஹோவுக்காகக் காத்திருந்தேன்.

"தாணேக்குப் போன் பண்ணினியா?" என்றார்.

"இல்ல சார்."

"ஏன்?"

 கேட்டுக்கொண்டே அவர் போனைக் காதில் வைத்துவிட்டார். பாய் எடுக்கவில்லை, லேபுக்குள் போன் கொண்டுபோவதில்லை. ரத்த வங்கியின் நம்பர் மூன்று தடவை எங்கேஜ்டு. நான்காவது தடவை கிடைத்தது. பச்சையை நம்பாதீர்கள், ஒரு பையும் வெளியே போகக்கூடாது என்று சார் சொன்னார். பிறகு அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டார், கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

போனை வைத்துவிட்டுச் சொன்னார். மூன்று நாளில் போன மற்றப் பைகளுக்கெல்லாம் சோதனைத் தாள் இருக்கிறது. ஒன்றே ஒன்றுக்குத்தான் இல்லை. காலையில் பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்காமல் போகிறது என்று அவசரமாகக் கேட்டிருக்கிறார்கள். காலை டெக்னீஷியன் சோதனையை ஆரம்பித்துவிட்டு டியூட்டி மாறிப் போய்விட்டார். அடுத்து வந்த பாய் திரையைப் பார்த்தார், பச்சை, பையை எடுத்துக் கொடுத்துவிட்டார். ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. இப்போது நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள்.

"எத்தனை மணிக்குக் குடுத்தாங்களாம் சார்?"

"பதினொன்னு முப்பத்திரண்டு."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பதினொன்றே காலிலிருந்து பதினேழு நிமிஷம் என்று கணக்குப் போட்டேன்; நேரத்தை மட்டும் நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

ஹைவேயில் மாட்டிக்கொண்டால் தொலைந்தோம் என்று டிரெயினில் போனோம். குர்லாவில் மாறும்போது அவர் ஜென்ட்ஸ் பெட்டியில் ஏறினார், நான் லேடீஸில். முழு வழியும் தனியாக நின்றேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது காசு வைத்திருப்பவனுக்குச் சொன்னது, எனக்கும் பொருந்தியது. ஹேர்பின் விற்கிறவள் என்னை இடித்துக்கொண்டு போனாள், ஒரு பெண் சிரித்துச் சிரித்து வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தாள், எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் கோபம் வந்தது. காட்கோபர் தாண்டியதும் அம்மா போன் செய்தாள்.

"ஏட்டி, சிலிண்டர் வந்திருக்கு, அந்த ஓடிபி நம்பரைச் சொல்லு."

சொன்னேன்.

"என்னட்டி, குரல் ஒரு மாதிரியா இருக்கு? சாப்ட்டியா?"

"டிரெயின்ல இருக்கேம்மா, வச்சிடு" என்று எரிந்து விழுந்தேன். அம்மாவிடம் சொல்லிவிட்டால் கொஞ்சம் இறங்கும் என்று தோன்றியது. என்னவென்று சொல்வது? ஒருத்தியைக் கொன்றிருக்கலாம், இன்னும் தெரியவில்லை என்றா?

தாணேயில் பாய் வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "யக்கா, பச்சை காட்டுச்சு, குடுத்துட்டேன். நீங்கதானக்கா சொன்னீங்க" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. சின்னப் பையன் மாதிரி கேட்டார். "ஆமா பாய், நாந்தான் சொன்னேன்" என்றேன்.

பாதிப் பை ஏறியபிறகுதான் நிறுத்தினார்களாம். நோயாளியிடம் மறுபடி ரத்தம் எடுத்து, பையோடு ஒட்டியிருந்த குழாயில் மீந்த ரத்தத்தோடு கலந்து, ஒன்றுக்கு இரண்டாகச் சோதனை வைத்திருந்தார்கள். முடிவு வர இன்னும் அரை மணி ஆகும். தண்ணீர் குடிக்கலாம் என்று வெளியே வந்தேன். வராந்தாவில் ஒருத்தி துணியில் சுற்றிய பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள். என்னை அங்கே வேலை செய்பவள் என்று நினைத்துவிட்டாள்.

"அக்கா, என் தங்கச்சிக்கு ஏத்தின ரத்தத்தை ஏன் நிறுத்திட்டாங்க? உங்களுக்குத் தெரியுமா?" என்று இந்தியில் கேட்டாள்.

எனக்குத் தெரியும். அந்தக் கட்டடத்திலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. "தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்காமலே உள்ளே வந்துவிட்டேன்.

உள்ளே சார் பென் டிரைவைச் செருகிப் புதிய மென்பொருளை ஏற்றிக்கொண்டிருந்தார். எந்த மென்பொருளுக்கும் பக்கத்தில் அது உருவான நேரம் இருக்கும். திரையில் பதினொன்று இருபத்துநான்கு என்று இருந்தது. சார் அதைப் பார்த்தார். நான் பார்ப்பதையும் பார்த்தார். பிறகு அந்தச் சாளரத்தை மூடிவிட்டார்.

ரத்த வங்கியின் பொறுப்பு டாக்டர் ஒரு மராத்தி அம்மா. குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் நடுக்கமாக இருந்தது. நடந்ததை ஒரு தாளில் வரிசையாக எழுதினார். "இந்தப் பிழை உங்களுக்கு எத்தனை மணிக்குத் தெரியவந்தது?" என்று இந்தியில் கேட்டார்.

"பதினொன்னே முக்கால்" என்றார் சார். "நான் ஆபீஸுக்கு வந்ததும் சொன்னா. உடனே போன் பண்ணிட்டோம்."

டாக்டர் பேனாவைத் தாளில் வைத்தார். அப்படியே விட்டிருக்கலாம். பையோ பதினொன்று முப்பத்திரண்டுக்குப் போனது, முக்காலுக்குத் தெரிந்தால் யாரால் என்ன செய்ய முடியும்? எல்லோரும் தப்பித்துக்கொள்வோம். பாய் மட்டும் மாட்டுவார். அவர் சுவரோரமாக நின்று இரண்டு கையையும் பிசைந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில் அந்தப் பெண் பிழைப்பாளா என்றும் எங்களுக்குத் தெரியாது.

"இல்ல மேடம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "பதினொன்னே காலுக்கே தெரியும். எனக்குத் தெரியும்."

"காலுக்கே தெரியுமா? பை போனது அதுக்கப்புறம்தானே?"

"ஆமா."

"அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள்?"

"பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன்."

 அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

முடிவு வந்தபோது மணி ஒன்று நாற்பது. இரண்டு சோதனையிலும் ரத்தம் ஒத்துப்போயிருந்தது. பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சுக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. எனக்கு எதுவும் எதனோடும் போனதாகத் தெரியவில்லை. பாதியில் நிறுத்திய பையை மறுபடி ஏற்றக்கூடாதாம், அதை வீசிவிட்டு அந்தப் பெண்ணுக்கு வேறு பை ஏற்றப் போனார்கள், முறைப்படி சோதித்த பை. டாக்டர் தாளில் எழுதியதை அடிக்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். என் கையெழுத்து மாதிரியே அது இல்லை.

தாணே பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருந்தோம். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். சார் இரண்டு டீ வாங்கிவந்து ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"சார், உங்களை எல்லார் முன்னாடியும் பொய் சொன்னவராக்கிட்டேன்" என்றேன். "என்னைக் காப்பாத்தத்தான் சொன்னீங்க."

அவர் டீயைக் குடிக்கவில்லை. டம்ளர் சாய்ந்திருந்தது. சூடான டீ விரலில் வழிந்தும் அவர் கவனிக்கவில்லை.

"உனக்காகச் சொல்லலைம்மா" என்றார். "அந்த இடத்துல மைனஸ் வைக்கறது சரியில்லைன்னு எழுதறச்சேயே எனக்குத் தெரியும். அப்போ ஓடித்து, விட்டுட்டேன். இருபத்தஞ்சு வருஷமா யாராவது கண்டுபிடிச்சுடுவாளோன்னு பயம். அதனாலதான் யாரையும் தொட விடலை. இன்னிக்கு நேரத்தை மாத்திச் சொன்னதும் அதே பயத்துலதான்."

வண்டி வருவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. பதினாறு வருஷமாக நான் அவருக்குப் பயந்தேன். அவர் எதற்கும் பயப்படாதவர் என்று நம்பித்தான் பயந்தேன். அத்தனை ரத்தப் பைகளுக்கும் பின்னால் பயப்படாத ஒரு ஆள் இருக்கிறார் என்பதுதான் என் தைரியமாக இருந்தது. வண்டி வந்து நின்றது. அவர் ஜென்ட்ஸ் பெட்டியைப் பார்த்து நடந்தார், நான் லேடீஸ் பெட்டியில் ஏறி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.